சித்திரை உச்சி வெயிலில் டிஷ் வேலைக்கு ஆள் ஏற்றாதீர்கள்

கத்திரி வருவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் பகல் 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை டிவி டிஷ் மாட்டவோ பழுது பார்க்கவோ யாரையும் மொட்டை மாடியில் ஏற்றக் கூடாது. கம்பெனி அனுப்பக் கூடாது, வீட்டுக்காரர் வற்புறுத்தக் கூடாது, போகிற ஆளும் ஒப்புக்கொள்ளக் கூடாது. தஞ்சாவூர், மன்னார்குடி, வேதாரண்யம் என்று மாடி மாடியாக ஏறி இறங்கிப் பிழைக்கிறவன் நான். ஏறுகிற ஆளின் உடம்பை மட்டும் நினைத்து இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் பார்த்த வேலை நிற்காது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வந்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள், "அண்ணே, வெயில்ல வேலை பார்க்கிறது கஷ்டமா, பனியில பார்க்கிறது கஷ்டமா?" என்று கேட்பார்கள். பனி கொட்டுகிற நாடுகளில் கேட்டால் குளிர்தான் என்பார்கள். அங்கே டிஷ்ஷில் பனி அப்பிக்கொண்டு சிக்னல் நின்றுவிடும். அதை உருக்குவதற்கென்றே டிஷ்ஷுக்குச் சூடேற்றும் கருவி மாட்டுகிறார்கள். கேபிளின் மேலுறை விறைத்துப்போய் வளைக்க வராது, விரல் மரத்துப்போய் நட்டைப் பிடிக்க முடியாது. நமக்கு அந்தப் பாடு கிடையாது. டெல்டாவில் குளிர் என்றால் மார்கழி, தை மாதத்து விடியற்காலைப் பனிதான். எட்டரை, ஒன்பதுக்கு வெயில் ஏறியதும் அது போய்விடும். அதன் பிறகு பொழுது சாயும் வரைக்கும் நின்று வேலை பார்க்கலாம்.

மார்கழிக்கும் அதற்கேற்ற தொல்லை உண்டு. அடைமழை விட்ட கையோடு மாடித் தளமெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும். அதன்மேல் பனியும் இறங்கினால் கால் நிற்காது. ஓட்டு வீடு என்றால் கேட்கவே வேண்டாம். டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நின்று சிக்னலை வாங்கும் கருவிதான் எல்என்பி. அதன் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும் அல்லவா, அதில் பனி நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். ஆறு மணிக்குப் பார்த்தால் சிக்னல் குறைவாகக் காட்டும். துணியால் ஒரு தடவை துடைத்தால் ஏறிவிடும். இது தெரியாமல் டிஷ்ஷைத் திருப்பினால் ஒழுங்காக இருந்ததும் கெட்டுப்போகும். அதனால் மார்கழியில் ஒன்பதுக்கு மேல் ஏறு, சித்திரையில் ஆறு மணிக்கே ஏறிப் பத்தரைக்குள் இறங்கு என்று பையன்களிடம் சொல்வேன்.

சரி, வேலை ஏன் நிற்காது என்று சொல்கிறேன். உதாரணத்துக்கு, தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. அது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. தஞ்சாவூரில் நின்று பார்த்தால் தென்கிழக்கே, கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில் இருக்கும். டெல்லியில் அதே செயற்கைக்கோள் 52 டிகிரியில் கிடைக்கும். அதனால் நம் பக்கத்து டிஷ் வடக்கத்தி டிஷ்ஷைவிட மல்லாந்து வானத்தைப் பார்த்துக் கிடக்கும்.

வீட்டில் மாட்டுகிற 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மொத்தமே மூன்று டிகிரிக்குள்தான். அதன் நட்டநடுவில் செயற்கைக்கோள் இருந்தால் முழு சிக்னல் கிடைக்கும். ஒரு டிகிரி தள்ளியிருந்தாலும் படம் வரும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பழைய ஆன்டெனாவில் படம் புள்ளி புள்ளியாக விழும், நிழல் தட்டும், மேலே ஒருவர் திருப்பத் திருப்பக் கீழே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் வரும். டிஜிட்டலில் அப்படிக் கிடையாது. சிக்னல் ஓர் அளவுக்கு மேல் இருக்கும் வரைக்கும் படம் பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். சித்திரை மாதம் வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. தள்ளி வைத்த டிஷ்ஷும் அன்றைக்கு அருமையாகப் படம் காட்டும். வீட்டுக்காரருக்குத் திருப்தி, கம்பெனிக் கணக்கில் புகார் முடிந்தது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் அந்த டிஷ்ஷின் லட்சணம் வெளியே வரும். செயற்கைக்கோளில் இருந்து நேரே வீட்டு டிஷ்ஷுக்கு வரும் டிடிஹெச் எல்லாமே கேயு பேண்ட் என்கிற அலைவரிசை. அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். மழைத்துளி அதை உறிஞ்சும், சிதறவும் அடிக்கும். சரியாகப் பிடித்து வைத்த டிஷ், கண்மண் தெரியாமல் கொட்டும்போது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வரும். அதை யாராலும் தடுக்க முடியாது. தள்ளி வைத்த டிஷ் சாதாரண மழைக்கே நின்றுவிடும். "மழைன்னாலே டிஷ் இப்படித்தான்" என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சித்திரை மத்தியானத்தில் அவசரமாக முறுக்கிவிட்டு இறங்கிய டிஷ் இதில் எத்தனையோ இருக்கிறது.

அந்த மத்தியானம் மாடியில் எப்படி இருக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சித்திரை முதல் வாரத்தில் உச்சிப் பொழுதில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். கைப்பிடிச் சுவருக்குக்கூட நிழல் இருக்காது. சிக்னல் மீட்டரின் திரையில் எழுத்து தெரியாது, அதன்மேல் துண்டைப் போட்டு உள்ளே தலையை விட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளை டிஷ் வெளிச்சத்தை அப்படியே முகத்தில் அடிக்கும். ஸ்பேனரைத் தளத்தில் வைத்தால் திரும்ப எடுக்க முடியாது.

திசை பிடிப்பது பெரிய வேலை இல்லை. பிடித்த பிறகு போல்ட்டை முறுக்குவதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இடது போல்ட்டில் கால் சுற்று, வலது போல்ட்டில் கால் சுற்று, நடுவில் மீட்டரில் குவாலிட்டி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் எல்என்பியை அதன் பிடியில் மெல்லத் திருப்பி, எங்கே அதிகம் காட்டுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். நிதானமாகச் செய்ய வேண்டிய இந்த வேலையை, கண்ணில் வியர்வை வழிய, செருப்புக்குள் கால் வேக நிற்கிற ஒருவன் எப்படிச் செய்வான்? படம் வந்ததா, முறுக்கு, இறங்கு. கனெக்டரில் சுற்றும் இன்சுலேஷன் டேப்பின் பசைகூட அந்தச் சூட்டில் இளகி, கொஞ்ச நாளில் அவிழ்ந்து தொங்கும். பிறகு மழைத் தண்ணீர் அதற்குள்தான் இறங்கும்.

இன்னொன்று, எல்என்பி சூடானால் அதன் இரைச்சல், அதாவது சிக்னலோடு கலந்து அதைக் கெடுக்கும் வேண்டாத மின்சலனம், கூடும். பழையதாக இருந்தால் உள்ளே அலைவரிசையை நிர்ணயிக்கும் அலையியற்றி என்கிற பாகம் சூட்டில் அளவு நகர்ந்து, மத்தியானம் மட்டும் சில சேனல் போய் ராத்திரி திரும்பி வரும். அப்படியிருக்கும்போது உச்சி வெயிலில் மீட்டர் குறைவாகக் காட்டினால் அது திசைக் குற்றமா, சூட்டுக் குற்றமா என்று எப்படித் தெரியும்? 'மத்தியானம் மட்டும் போகுது' என்கிற இந்த ஒரு புகாருக்கு வெயில் வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். வேண்டாம். நாலரைக்குப் போனாலும் எல்என்பி சூடாகத்தான் இருக்கும். அதன்மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டால், போன சேனல் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

போன வருஷம் மே மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. எனக்குப் பழக்கமான பையன் தனியாகப் போயிருந்தான். அந்த வீட்டுப் பெரியம்மா, "தம்பி, இந்த வெயில்ல ஏறாதப்பா, சாயங்காலமா வா" என்றுதான் சொல்லியிருக்கிறார். புகாருக்குக் கம்பெனி வைத்த கெடு ஒரு மணிக்கு முடிகிறது, அதைத் தாண்டினால் காசில் பிடிப்பார்கள். "முடிச்சிட்டு வந்துடறேன் பெரியம்மா" என்று ஏறிவிட்டான். மேலே சத்தமே இல்லையே என்று அவர் படியேறிப் பார்த்தபோது, தண்ணீர்த் தொட்டியோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், கேட்டதற்குப் பேச்சு குழறுகிறது. பக்கத்து ஊரில் இருந்த எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அக்கம்பக்கத்தார் அவனைக் கீழே இறக்கிப் புங்கமரத்தடியில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துண்டு வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. அப்படியே ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான். மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத வீடு அது. எழுந்து நடக்கப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு புகாருக்கு இவ்வளவு என்றுதான் கூலி. முடியாது என்று சொன்னால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதனால்தான் பையன் ஒத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது, கம்பெனியும் வீட்டுக்காரரும் கூட நிற்க வேண்டும் என்கிறேன்.

இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. நம் ஊர் நடவாட்களைப் பாருங்கள். விடிந்ததும் வயலில் இறங்கி, உச்சி திரும்புவதற்குள் கரையேறிவிடுகிறார்கள். எந்தப் பண்ணைக்காரரும் அதைச் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை. நம் பிள்ளைகள் போய் உழைக்கிற துபாயில், அபுதாபியில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. அரசாங்கமே பேரிடர் என்று சொல்கிற வெயிலில், நாடகம் பார்ப்பதற்காக ஒருவனை மாடியில் ஏற்றலாமா?

குளிர்காலத்தில் எவ்வளவு வேலை ஓடும் என்பதை 2018இல் பார்த்தோம். நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னந்தோப்போடு சேர்த்து டிஷ்களையும் பிடுங்கிப் போட்டுவிட்டது. பல ஊர்களுக்குக் கரண்டு வருவதற்கே வாரக் கணக்கானது. கரண்டு வந்த பிறகு மார்கழி முழுக்கப் பனி விலகியதும் ஏறி, இருட்டும் வரைக்கும் டிஷ் நட்டோம். உடம்பு அலுத்துப்போனது, ஆனால் எங்களில் ஒருவரும் மயங்கி விழவில்லை. அப்போது நட்ட டிஷ்ஷில் பல, பின்னால் வந்த மழைக்கெல்லாம் அசையாமல் நிற்கிறது.

அதனால், டிஷ்ஷை ஒரு தடவை பார்த்து வைத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் தை, மாசியில் கூப்பிடுங்கள். மழை விட்டிருக்கும், எந்தக் கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருக்கிறது, எந்தக் கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறது என்று அப்போது தெளிவாகத் தெரியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்றால் வருஷா வருஷம் பார்ப்பது நல்லது. தென்கிழக்கே தென்னங்கீற்று வளர்ந்து மறைக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

பங்குனி பிறந்ததும் சில நாள் பகல் 11 மணி வாக்கில் படம் கொஞ்ச நேரம் நின்று தானாக வந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம். அந்த நாட்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. அதன் இரைச்சல் டிஷ்ஷில் விழுந்து சிக்னலை அமுக்கிவிடுகிறது. புரட்டாசியிலும் இப்படி ஒரு தடவை நடக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு அவசரக்காரர் மேலே ஏறினால், நல்ல டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டு இறங்குவார்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகார் பதியும்போது நேரம் கேட்கிறீர்கள் அல்லவா, ஏப்ரல், மே மாதங்களில் அதிலிருந்து 11 முதல் 4 வரையை எடுத்துவிடுங்கள். அந்த ஐந்து மணி நேரத்தைக் கெடுவிலும் சேர்க்காதீர்கள். வீட்டுக்காரர்களுக்கு அதைவிடச் சின்ன வேலைதான். புகார் பதிந்ததும் வரப்போகிற ஆளின் நம்பர் உங்களுக்கு மெசேஜில் வரும். அவரைக் கூப்பிட்டு, "தம்பி, இப்ப ஏற வேண்டாம், நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க, மாடிக் கதவைத் திறந்து வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். கம்பெனி கேட்டால், நேரத்தை மாற்றச் சொன்னது நான்தான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அந்தப் பையனின் காசில் கை வைக்க மாட்டார்கள்.