கடப்பாவில் நெய் எங்கே இருக்கிறது?

'நெய்யும் தயிரும் இல்லாமல் டெல்டாக்காரர் யார் சாப்பிடுவார், வீகன் உணவகம் இங்கே எடுபடாது' என்று ஒரு கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி அப்படி, பால், தயிர், நெய் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத ஒரு சின்ன வீகன் கடை நடக்கிறது. மொத்தம் ஆறு மேசை. நான் வீகன் அல்ல. வீட்டில் தயிர் தீர்ந்துவிட்டால் முகம் தூக்குகிற ஆள். இருந்தும் மாதம் இரண்டு முறையாவது போகிறேன்.

காரணம் கடப்பா, இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் குழம்பு. குழைய வெந்த பாசிப்பருப்பில் உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காயும் சோம்பும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டது. இட்லியின் மேல் ஒரு கரண்டி விழுந்ததும் மணம் அடுத்த மேசைக்குப் போய்விடும். இதில் பாலுக்கு என்ன வேலை? தேங்காய்க்கும் பஞ்சமில்லை, பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் பக்கத்தில்தானே.

காபிதான் தகராறு. டிகிரி காபி ஊரில் தேங்காய்ப்பால் காபி! முதல் நாள் எனக்கு வந்தது திரிதிரியாக மிதந்தது. கடைக்கார அம்மா டபராவை எட்டிப் பார்த்தார். "இது சரியில்லை தம்பி, வைத்துவிடுங்கள்" என்று எடுத்துக்கொண்டு போய், கருப்பட்டி போட்ட சுக்குக் காபி கொண்டுவந்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை. இப்போதெல்லாம் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் சுக்குக் காபி மேசையில் இருக்கிறது.

பாயசத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வெல்லம் போடலாம். சொல்லியிருக்கிறேன்.