அந்த 48 நொடி வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள்

இரண்டு நாளாக எங்கே பார்த்தாலும் அந்த வீடியோதான். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மக்களவையில் அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து இரண்டு வரி சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். அப்புறம் ஓர் எம்.பி. கையில் தாளை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் வாசிக்கிறார். கேமரா திரும்புகிறது. பச்சை இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலி. அடியில் கொட்டை எழுத்தில் ‘இதுக்கா நம்ம வரிப்பணம்?’

பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பத்துப் பேர் அனுப்பியபோது பேசாமல்தான் இருந்தேன். பதினோராவதாக அனுப்பியது என் சொந்த அண்ணன். அதற்குமேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த 48 நொடியில் நடந்தது வேலை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கூச்சல் இல்லை, மேசையைத் தட்டுகிறவர் இல்லை, பதாகையைத் தூக்கிக்கொண்டு சபாநாயகர் இருக்கைக்கு முன்னால் போய் நிற்கிறவரும் இல்லை. அதனால் உங்கள் கண்ணுக்கு அது வேலையாகத் தெரியவில்லை.

முதலில் நாற்காலிக் கணக்கைப் பார்ப்போம். 2023 செப்டம்பரில் அவை புதிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே மக்களவையில் 888 இருக்கைகள். உறுப்பினர்கள் 543 பேர். ஒருவர்கூட விடாமல் எல்லாரும் வந்து உட்கார்ந்தாலும் 345 இருக்கை காலியாகத்தான் இருக்கும். அவை நடக்கப் பத்தில் ஒரு பங்கு பேர், அதாவது 55 பேர் இருந்தால் போதும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. சரி, அன்றைக்கு அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் கூட்டம் குறைவுதான். மறுக்கவில்லை. வராதவர்களை அவரவர் தொகுதிக்காரர்கள் நிறுத்திவைத்துக் கேளுங்கள், நானும் கூட நின்று கேட்கிறேன். ஆனால் நீங்கள் கேலி செய்தது வந்து உட்கார்ந்திருந்தவர்களை அல்லவா? வராத ஆளின் முகம் அந்த வீடியோவில் எங்கே இருக்கிறது?

எழுந்து எழுந்து உட்கார்ந்தார்களே அமைச்சர்கள், அவர்கள் ஆவணங்களை அவை மேசையில் வைத்தார்கள். ஓர் அரசு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, ஒரு சட்டத்தின்கீழ் புதிதாகப் போட்ட விதிகள், இப்படி. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தில் பல இடங்களில் விவரங்களை அரசே விதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். படிவம், கட்டணம், தகுதி, கெடு என்று நம்மை அலையவைக்கிற எல்லாமே அந்த விதிகளில்தான் இருக்கும். அவற்றை இரண்டு அவைகளிலும் 30 நாள் வைத்தாக வேண்டும். அந்த நாட்களுக்குள் எந்த உறுப்பினரும் திருத்தம் கேட்கலாம். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையை வைக்காத நிறுவனம் ஏன் தாமதம் என்று தனியாக விளக்கம் எழுதித் தர வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது.

2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய தணிக்கை அறிக்கை 2010 நவம்பர் 16 அன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது எப்படி என்று நினைக்கிறீர்கள்? இதே முறையில்தான். மேசையில் வைத்தார்கள். அந்த அறிக்கை சரியா தவறா என்று பிறகு சண்டை போடலாம்; வழக்கில் 2017-இல் எல்லாரும் விடுதலையாகிவிட்டார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பல மாதங்கள் நாடே பேசிய அந்த விஷயமும் இந்த இரண்டு வரிச் சடங்கின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

அப்புறம் அந்த எம்.பி. அவர் என்ன வாசித்தார் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரிந்திருக்க முடியாது. ஏனென்றால் வீடியோவில் அவர் குரலை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். நான் போய் முழுப் பதிவையும் தேடிப் பார்த்தேன். அவர் தொகுதியில் ஒரு ரயில்வே சுரங்கப்பாதை. மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்டவாளத்தின் மேல் ஏறிக் கடக்கிறார்கள். இதைத்தான் வாசித்தார். விதி 377 என்று ஒன்று இருக்கிறது. அதன்கீழ் ஒரு நாளைக்கு 20 உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக் குறையைச் சொல்லலாம். எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய வாசகத்தைத்தான் வாசிக்க வேண்டும், அதுவும் 250 சொல்லுக்குள். தாளைப் பார்த்து வாசித்தார் என்று சிரிக்கிறீர்களே, தாளைப் பார்க்காமல் பேச அங்கே அனுமதியே கிடையாது. வாசித்ததும் அது அவைக் குறிப்பில் ஏறுகிறது. சம்பந்தப்பட்ட அமைச்சகம் அவருக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். எதிரே 500 பேர் உட்கார்ந்திருந்தாலும் 50 பேர் இருந்தாலும் அந்தப் பதில் மாறப்போவதில்லை. அவர் பேசியது எதிர் நாற்காலியோடு அல்ல, அமைச்சகத்தின் கோப்போடு.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும், நீ என்ன வக்கீலா என்று கேட்பீர்கள். நான் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை வந்தது, தெரிந்துகொண்டேன்.

எங்கள் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. முதல் மில்லில் பதினாறு வருடம், அது மூடியபிறகு இன்னொன்றில் பதினொரு வருடம். ஓய்வூதியம் வந்தபோது பின்னால் வேலை பார்த்த பதினொரு வருடத்துக்குத்தான் வந்தது. கேட்கப் போனால், ‘அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு, சேர்க்க வழியே இல்லை பெரியவரே’ என்றார்கள். எந்த அலுவலகம், யார் சொன்னது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். இரண்டு வருடம். மாதம் ஒருமுறை அப்பா வெள்ளை வேட்டி கட்டி, மஞ்சள் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு காலை ஏழு மணி பஸ் ஏறுவார். மூன்று மணிக்குத் திரும்பி வருவார். ஒன்றும் பேசமாட்டார். பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கால் கழுவப் போய்விடுவார். பை ஆணியில் தொங்கினால் அன்றைக்கும் காரியம் ஆகவில்லை என்று அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

ஒருநாள் ராத்திரி எதையோ தேடப்போய் மக்களவையின் கேள்வி பதில் பக்கத்தில் விழுந்தேன். அங்கே நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அவற்றுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வார். 230 கேள்விகள் நட்சத்திரம் இல்லாதவை, அவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில். ஆக ஒரு நாளைக்கு 250 கேள்வி. அந்த 230-இல் ஒன்றாக, எங்கள் அப்பாவின் சிக்கல் அப்படியே இருந்தது. கேட்டவர் வடக்கே எங்கோ ஒரு தொகுதி எம்.பி. பெயரை அதுவரை கேள்விப்பட்டதில்லை. இரண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவரின் சேவைக் காலத்தைச் சேர்க்க வழி உண்டா, உண்டென்றால் எப்படி என்று கேட்டிருந்தார். உண்டு என்று பதில். எப்படி என்பதும் வரிவரியாக இருந்தது.

அந்தத் தேதியின் நடவடிக்கைக் குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன். அன்று அவை கூடியதும் அமளி. ஒத்திவைப்பு. மறுபடி கூடியதும் ஆவணங்களை மேசையில் வைத்தார்கள், மறுபடி அமளி, மறுபடி ஒத்திவைப்பு. அன்றைய செய்தியில் அமளியைத்தான் காட்டியிருப்பார்கள். ஆனால் எழுத்துப் பதில்கள் அத்தனையும் அன்றைக்கே அவையில் வைக்கப்பட்டுவிட்டன. எங்கள் அப்பாவுக்கு வேண்டிய பதில் அப்படித்தான் வந்து சேர்ந்தது. யாரும் கைதட்டவில்லை.

அதை அச்செடுத்தோம். வேண்டிய வரிகளின் கீழே அண்ணன்தான் சிவப்புப் பேனாவில் கோடு போட்டார். அடுத்த முறை அப்பாவோடு நானும் போனேன். தாளை வாங்கிய அதிகாரி இரண்டு முறை வாசித்தார். ‘உட்காருங்க ஐயா’ என்றார். இரண்டு வருடத்தில் அப்பாவை அங்கே உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு, ‘நீ ஆளுங்கட்சியா, அந்த எம்.பி. கட்சியா’ என்று கேட்கப் போகிறவர்களுக்கு: வீடியோவில் வந்த எம்.பி.யின் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதே இல்லை. போதுமா?

‘பதிலெல்லாம் மழுப்பல்தான், தகவல் திரட்டப்படுகிறது என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பல பதில்கள் மழுப்பல்தான். நானே நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் ‘தகவல் திரட்டி அவையில் வைக்கிறோம்’ என்று அமைச்சர் சொன்னால் அது வாக்குறுதிக் கணக்கில் போகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்க்க 1953-இலிருந்து ஒரு குழு இருக்கிறது. அதன் அறிக்கையும் மேசையில் வைக்கப்படும். அதே மேசைதான், நீங்கள் சிரித்த மேசை.

‘தனிநபர் மசோதா என்று வெள்ளிக்கிழமை மதியம் பேசுகிறார்களே, எது நிறைவேறியிருக்கிறது’ என்றும் கேட்டார்கள். அமைச்சராக இல்லாத எம்.பி. தானே கொண்டுவரும் மசோதா அது. 1952-இலிருந்து 14 மட்டுமே சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-இல். குறைவுதான். ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். மக்களவையில் அது சட்டமாகவில்லை, அரசு தன் மசோதாவைத் தனியாகக் கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தில் குறை சொல்ல நிறைய உண்டு. ஆனாலும் பேச்சைத் தொடங்கிவைத்தது எந்த நாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி வெளியிட்டால் பத்திரிகைமேல் வழக்குப் பாயாது என்ற பாதுகாப்பு 1956-இல் வந்தது. காங்கிரஸ் எம்.பி. ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. நெருக்கடி நிலையில் அதை நீக்கினார்கள், 1977-இல் திரும்ப வந்தது. அதே ஃபெரோஸ் காந்தி அந்த 1956-க்கு அடுத்த வருடம் எல்.ஐ.சி. பண விவகாரத்தைக் கையில் எடுத்தார். தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் எல்.ஐ.சி. போட்ட சுமார் 1.24 கோடி ரூபாயைப் பற்றி 1957-இல் கேள்வி நேரத்தில் எழுந்த கேள்வியில் தொடங்கியது அது. அவர் அதைத் துருவித் துருவிப் போனார், விசாரணை ஆணையம் வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆளுங்கட்சிக்காரர் தன் கட்சி அமைச்சரையே கேட்டது அது. நம் வீடுகளில் எத்தனை பேரின் எல்.ஐ.சி. பத்திரம் பீரோவில் இருக்கிறது!

உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடங்கள் வேறு. முதல் மக்களவை ஐந்து வருடத்தில் 677 நாள் கூடியது. 2024-இல் முடிந்த 17-வது மக்களவை 274 நாள்தான் கூடியது. குறைந்த ஒவ்வொரு நாளுக்கும் 250 கேள்வி என்று பெருக்கிப் பாருங்கள். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சியது. பதிலுக்கு மேலே துணைக்கேள்வி கேட்டு அமைச்சரை மடக்க முடியாமல் போயிற்று. 2018 மார்ச்சில் மானியக் கோரிக்கைகள் அத்தனையும் விவாதமே இல்லாமல் கூச்சலுக்கு நடுவே நிறைவேறின. நாட்டின் ஒரு வருடச் செலவுக் கணக்கு அது. அதற்கு யாராவது பாட்டுப் போட்டு வீடியோ அனுப்பினீர்களா? எனக்கு ஒன்றும் வரவில்லை. அமைதியாக உட்கார்ந்து வேலை செய்த நாளைத்தான் சிரிப்பதற்கு எடுத்தீர்கள். அப்படியென்றால் எம்.பி.க்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? தாளை வாசித்தால் கேலி, மேசையில் ஏறினால் செய்தி. அடுத்த கூட்டத்தொடரில் அவர் எதைச் செய்வார்?

அந்த எம்.பி. வாசித்த சுரங்கப்பாதையில் தண்ணீர் வடிந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது. எங்களுக்காகக் கேள்வி கேட்ட அந்த வடக்கத்தி எம்.பி.க்கும் எங்கள் அப்பா என்று ஒருவர் இருந்தது தெரியாது. எழுதி நன்றி சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். இங்கிலீஷில் எழுதித் தா என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்டேன். பழைய மில் கணக்கும் சேர்ந்து முழு ஓய்வூதியத்தை வாங்கியது பதினான்கு மாதம்தான். அப்புறம் அப்பா இல்லை.

அண்ணா, வீடியோவை நீங்கள் யோசிக்காமல் அனுப்பியிருப்பீர்கள், தெரியும். எல்லாரும் அனுப்புகிறார்கள், நீங்களும் அனுப்பினீர்கள். ஆனால் அந்தச் சிவப்புக் கோடு நீங்கள் போட்டது. போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்த அச்சுத்தாள் கிடைத்தது. ரேஷன் அட்டையோடு ஒரே உறையில் போட்டு வைத்திருந்தார் அப்பா. மடித்த இடம் நைந்துவிட்டது, கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்து வருகிறேன்.