புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் இல்லையா?

"புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அமெரிக்கக் குடிமக்கள் இல்லை, அதனால்தான் அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை" என்று, கரீபியக் கடலில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட இந்தத் தீவைப் பற்றி ஒரு தகவல் பரவுகிறது. ஓட்டு இல்லை என்பது சரி; சொல்லும் காரணம் தவறு.

1917 ஜோன்ஸ் சட்டத்திலிருந்தே அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். புளோரிடாவில் குடியேற விசாவோ கிரீன் கார்டோ வேண்டாம். அங்கே வாக்காளராகப் பதிந்தால் அதிபருக்கும் வாக்களிக்கலாம். சிக்கல் முகவரியில் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 2ஆம் பிரிவுப்படி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவை மாநிலங்களே நியமிக்கின்றன. புவேர்ட்டோ ரிக்கோ மாநிலம் அல்ல. வாஷிங்டன் டி.சி.யும் மாநிலம் அல்லதான், ஆனால் அதற்கும் வாக்காளர் குழுவில் இடம் தர 1961இல் அரசியல் சாசனத்தில் 23ஆவது திருத்தம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் குடிபெயர்ந்த அமெரிக்கர் தபால் வாக்கு போடலாம். புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானுக்குக் குடிபெயர்ந்தால் அதிபர் ஓட்டு போய்விடும்!

எல்லா உரிமையும் உண்டு என்று மறுபக்கம் சாய்வதும் பிழை. அமெரிக்கா கைப்பற்றிய தீவுகளின் உரிமைகள் பற்றி 1901 முதல் உச்ச நீதிமன்றத்தில் வந்த 'தீவு வழக்கு'த் தீர்ப்புகள் அடிப்படை உரிமைகளை மட்டுமே உறுதி செய்தன. வருமானம் குறைந்த முதியோருக்கும் பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாநிலங்களில் கிடைக்கும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையைத் தீவுக்குத் தர நாடாளுமன்றம் கடமைப்படவில்லை என 2022இல் உச்ச நீதிமன்றம் 8-1 எனத் தீர்ப்பளித்தது.

இந்த வதந்தி, பசிபிக் கடலில் உள்ள இன்னொரு அமெரிக்க ஆட்சிப்பகுதியான அமெரிக்கன் சமோவாவோடு குழம்பியிருக்கலாம். அங்கே பிறப்பவர்கள்தான் அமெரிக்க 'தேசத்தவர்' (நேஷனல்), பிறப்பால் குடிமக்கள் அல்லர். பாஸ்போர்ட் மட்டும் அமெரிக்காவுடையதே.