மயங்கும் பிள்ளைக்கு இரும்புச் சாவி தேவையில்லை

"பள்ளியில் காலை வழிபாட்டில் பிள்ளை மயங்கினால் கையில் இரும்புச் சாவியைக் கொடுங்கள், நிமிர்த்தி உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. நினைவில்லாத பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். நிமிர்த்தி வைத்தால் மூளைக்கு ரத்தம் போவது இன்னும் குறையும். இரும்புக்கு இதில் வேலையே இல்லை.

வெகுநேரம் அசையாமல் நிற்கும்போது ரத்தம் கால்களில் தங்குகிறது. சிலருக்கு இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குகின்றன. முகம் வெளுக்கும், வியர்க்கும், கண் இருட்டும். அந்தச் சில நொடிகள்தாம் நமக்குக் கிடைக்கும் அவகாசம். உடனே உட்காரவோ படுக்கவோ சொல்லுங்கள். பிறகு கால்களைப் பின்னிக்கொண்டு தொடை, பிட்டத் தசைகளை இறுக்கச் சொல்லுங்கள். குந்தி உட்காருவதும் நல்லது. இரு கை விரல்களையும் கொக்கிபோலக் கோத்து எதிரெதிராக இழுக்கலாம். இறுகும் தசை ரத்தத்தை மேலே தள்ளுகிறது. 2019இல் அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் வெளியிட்ட முதலுதவி வழிகாட்டல் இவற்றைப் பரிந்துரைக்கிறது. வீட்டில் விளையாட்டாகவே பழக்கிவிடுங்கள்.

விழுந்துவிட்டால் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் 108ஐ அழையுங்கள்.

ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கினாலும், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலும், இந்தப் பயிற்சியை நம்பி இருக்காதீர்கள். இசிஜி எடுத்தே ஆகவேண்டும்.