ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் விடுங்கள், சாமிகளா

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு கம்மாய். பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கு இன்னும் நாலு பேர் அங்கே வண்டி கழுவ வருவார்கள்.

வாரத்தில் மூன்று நாள் நாலேமுக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்து, பதினான்கு கிலோமீட்டர் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு நான் அங்கே போவது விராலுக்காக. வீட்டில் தினமும் ஒரே கேள்விதான்: "மார்க்கெட்ல காசு குடுத்தா குடுக்க மாட்டேங்குறானா?" கொடுப்பான். அது தெரியாமலா போகிறேன்? குத்தகைக்காரரிடமும் முறையாகக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்கிறேன். அவர் விட்டு வளர்க்கும் ரோகு, கட்லா பக்கம் தூண்டில் போகக்கூடாது, மடை ஓரத்தில் விராலும் குரவையும் மட்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. நியாயமான மனிதர். என் சண்டை அவரோடு இல்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு மணி நேரம். இந்த மாசி மாதத்தில் ஆறேகால் வாக்கில் யானைமலை முதுகில் வெளிச்சம் விழும். ஏழு, ஏழேகால் ஆனால் வெயில் தண்ணீரில் இறங்கிவிடும். அதற்குள் நடந்தால்தான் உண்டு. விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் இல்லை. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டுதான் போகும். அல்லி இலைகளுக்கு நடுவே அந்தச் சின்னச் சுழிப்பைப் பார்த்துவிட்டால், அதற்கு ரெண்டடி தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு, இலை மேலே மெதுவாக இழுத்துவர வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. மீனுக்கு நம்மைப்போல் காது வெளியே தெரியாதுதான். ஆனால் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோட்டில் அதிர்வை உணர்ந்துவிடும். கரையில் தொம் தொம்மென்று நடந்தாலே போதும், ஆழத்துக்குப் போய்விடும்.

இன்று காலை ஆறரைக்கு அந்தச் சுழிப்பைப் பார்த்தேன். சின்ன மீன் இல்லை. தவளையைப் போட்டாயிற்று, இழுக்க ஆரம்பித்தாயிற்று, பின்னாலேயே தண்ணீர் புடைத்துக்கொண்டு வருகிறது. அப்போது மடைச் சரிவில் தடதடவென்று ஒரு குட்டி யானை இறங்கியது. தூரத்தில் யானைமலை, பக்கத்தில் குட்டி யானை, நடுவில் நான். முன் சக்கரம் ரெண்டும் தண்ணீருக்குள். கதவைத் திறந்து வைத்து ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு வேறு. அந்த அதிர்வு என் நெஞ்சிலேயே இடிக்கிறது, விரால் என்ன பாவம் செய்தது? புடைப்பு அப்படியே அமிழ்ந்துபோயிற்று.

"தம்பி, அரை மணி நேரம் கழிச்சுக் கழுவக்கூடாதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "ஏண்ணே, கம்மாய உங்க பேர்ல பட்டா போட்டுருக்கா?" என்றான். பட்டா உன் பேரிலும் இல்லையே ராசா! ரெண்டு ரூபாய் ஷாம்பூ பாக்கெட் நாலைக் கிழித்துத் தண்ணீரிலேயே போட்டான். டயரிலிருந்து கிளம்பிய எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி அல்லி வரைக்கும் போனது. 1895இல் கட்டிய பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து வைகைக்கு வந்து, பேரணையில் கால்வாய் பிடித்து மேலூர்ப் பக்கம் வருகிறது. இவ்வளவு தூரம் வந்த தண்ணீரில் டயர் கழுவுகிறான்.

என் மச்சான் ஒருத்தன் அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையில் மில்வாக்கியில் இருக்கிறான். அவன் அனுப்பும் வீடியோக்கள்தான் என் வயிற்றெரிச்சலுக்கு முக்கியக் காரணம். ஏரிக்குள் நீட்டிக் கட்டிய கான்கிரீட் மேடையில், விடிவதற்கு முன்பே வரிசையாக ஆட்கள். இருட்டில் ஒளிரும் தகட்டுத் தூண்டிலை டார்ச்சில் காட்டி ஒளி ஏற்றி வீசுகிறார்கள். அவர்களுக்கும் விடியற்காலைதான் கணக்கு. சால்மனும் டிரவுட்டும் குளிர்ந்த தண்ணீர் கேட்கும் மீன்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கும்வரை கரையோரம் வரும், வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். ஒருத்தருக்கு மீன் மாட்டிவிட்டால் சத்தம் கொடுக்கிறார். உடனே பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். முன்பின் தெரியாத ஒருத்தர் நீளக் காம்பு வலையோடு ஓடிவருகிறார். லைசென்ஸ் வேண்டும், சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் தனியாக முத்திரை வேறு வாங்க வேண்டும்.

இதற்காக வெள்ளைக்காரன் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அந்த சால்மனே அங்கே வந்தேறிதான். அலேவைஃப் என்ற சின்ன மீன் அளவுக்கு மீறிப் பெருகி, செத்துக் கரை ஒதுங்கி நாறியதால், அதைத் தின்னட்டும் என்று 1966இல் மிச்சிகன் ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். நம் ஊருக்கு 1952இல் ஜிலேபி மீனைக் கொண்டுவந்த மாதிரி. ஆனால் அங்கே அது ஆளை விடிகாலையில் எழுப்பி நிற்க வைக்கிறது. இங்கே ஜிலேபி புழுவைப் போட்ட அடுத்த நொடி தக்கையை இழுத்து உயிரை வாங்குகிறது. நான் ரப்பர் தவளைக்கு மாறியதே இந்தச் சனியனால்தான்.

வண்டிக்காரன் ஒருத்தன் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நடைப்பயிற்சிக்காரர்கள் இருக்கிறார்களே! "என்னண்ணே, மாட்டுச்சா?" என்று கேட்காமல் ஒருத்தர்கூடக் கடந்து போனதில்லை. இல்லை என்று சொன்னால் போய்விட வேண்டியதுதானே? நிற்பார்கள். நமக்குப் பின்னால், சரியாக ராடு வீசும் வாக்கில். முள் அவர் காதில் மாட்டிவிடுமோ என்று பயந்து நான் வீசாமல் இருப்பேன். "எங்க தாத்தா காலத்துல இங்க அயிரையை அள்ளிட்டுப் போவாங்க" என்று ஆரம்பித்து, ஊத்தா வைத்து மீன் பிடித்த கதை, மீன்பிடித் திருவிழாவில் சேற்றில் விழுந்த கதை எல்லாம் வரும். சாயங்காலம் டீக்கடையில் சொன்னால் நானே காசு கொடுத்து டீ வாங்கித் தந்து கேட்பேன். ஆறரை மணிக்கு எதற்கு ஐயா?

பாட்டில் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்குத் தூங்க மாட்டேன். போன மாதம் மடைப் படியில் குத்திய கண்ணாடித் துண்டுக்கு ரெண்டு தையல், ஒரு ஊசி. அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வரும் வழியில் டீக்கடையில் புலம்பினேன். அந்தக் குட்டி யானைக்காரன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டானாம், அன்றைக்கு அவனுக்கு லீவு. சந்தோஷமாக ஞாயிறுக்கு அலாரம் வைக்கப் போனேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை காலேஜ் பசங்க குளிக்க வருவாங்கண்ணே. பெரிய ஸ்பீக்கர் கொண்டாருவாங்க."