ரகரமா, துணைக்காலா?

"அவர்கள்", "அவா்கள்". இந்த இரண்டு சொற்களையும் கைப்பேசியில் பார்த்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. கூர்ந்து பார்த்தால் இரண்டாவதில் ரகரத்தின் கீழ்க்கோடு இல்லை என்பது மட்டும் புலப்படும். உண்மையில் அந்தச் சொல்லில் ரகரமே கிடையாது. அங்கே இருப்பது ஒரு துணைக்கால், அதன் தலைமேல் ஒரு புள்ளி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுக் குறியீட்டுமுறையான யூனிகோடில் ரகரத்துக்கு எண் 2992, துணைக்காலுக்கு 3006, புள்ளிக்கு 3021. கண்ணால் படிப்பவர் பழக்கத்தில் சரியாகப் படித்துவிடுவார். காதால் படிப்பவருக்கு திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் அந்த எண்களைத்தான் குரலாக்கித் தருகிறது. எண் தப்பென்றால் சொல்லும் தப்பு. எழுத்தைப் பேச்சாக்கும் பேச்சுப்பொறியைப் பொறுத்து ரகரம் காணாமல் போகும், அல்லது சொல் நடுவில் முறியும்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வைட்ஃபீல்டிலும் மான்யதாவிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் நம்மவர்கள் பலருக்கு, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைச் சோதனைதான் சோறு போடும் வேலை. வெளிநாட்டு வங்கியின் பக்கத்தை என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்துக் கேட்பார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1 இருக்கிறதா என்று அளப்பார்கள். படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை இல்லையென்றால் பிழை எண் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதே ஆட்கள் சாயங்காலம் அடுக்ககத் தமிழ் மன்றத்தின் பொங்கல் அழைப்பை ஒரே படமாக வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். தேதி, இடம், நேரம் எல்லாம் படத்துக்குள். கீழே ஒரு வரிகூட இல்லை. தெரியாததால் அல்ல. தமிழை யாராவது காதால் படிப்பார்கள் என்ற நினைப்பே நம் பழக்கத்தில் இல்லை. தமிழ்க் கணிமையின் வரலாற்றையும் நாம் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறோம். திரையில் தமிழ் தெரிந்தது, அழகாகத் தெரிந்தது, எல்லாக் கணினியிலும் தெரிந்தது என்று. எல்லாமே கண்ணின் கணக்கு.

காதால் படிக்கிற ஊடகத்துக்குக் கணினியைவிட வயது அதிகம். 1930களின் நடுவிலேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் இசைத்தட்டில் வந்துவிட்டன. கடைகளில் விற்ற 78 சுற்றுத் தட்டு பக்கத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான் ஓடும். அதில் ஒரு நாவலை அடைக்க முடியாது. அதனால் அமெரிக்கப் பேசும் நூல் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கத்தில் கால் மணி நேரத்தை எட்டியது. கொலம்பியா நிறுவனம் அதே வேகத்தில் எல்.பி. தட்டுகளை இசை கேட்போருக்கு விற்கத் தொடங்கியது 1948-இல். பிறகு கேசட் வந்தது. தன்னார்வலர்கள் வாசித்துப் பதிந்த 90 நிமிடக் கேசட்டுகளை நம்பித்தான் நம் ஊர்ப் பார்வையற்ற மாணவர்கள் நீண்ட காலம் படித்தார்கள். கேசட்டில் 143ஆம் பக்கத்துக்குப் போ என்று சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, மறுபடி ஓட்டித் தேட வேண்டும். தலைப்பு, பக்கம், பத்தி என்று ஒலிக்குள் வழி போட்டுத் தந்தது டெய்சி வடிவம். அதற்கான கூட்டமைப்பு 1996-இல் உருவானது.

ஸ்கிரீன் ரீடரின் கதை வேறு தடம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துத் திரை 25 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த எழுத்துகள் நினைவகத்தில் எழுத்தாகவே கிடந்தன. மென்பொருள் அவற்றை எடுத்துப் பேசினால் போதும். ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் 1989-இல் அப்படித்தான் பிறந்தது. விண்டோஸ் வந்ததும் திரை முழுக்கப் புள்ளிகளால் வரைந்த படமாக மாறியது. எங்கே எழுத்து, எங்கே கோடு என்று தெரியவில்லை. வரையச் சொல்லும் கட்டளைகளை இடைமறித்து, திரைக்குப் பின்னால் ஒரு நகல் திரையைக் கட்டித்தான் சமாளித்தார்கள். விண்டோஸுக்கான ஜாஸ் 1995-இல் வந்தது. விலை நம் ஊர் மாணவருக்கு எட்டாது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏவைத் தொடங்கி, அதை இலவசமாகவே கொடுத்தார். அதோடு வந்த ஈஸ்பீக் பேச்சுப்பொறியில் தமிழ்க் குரலும் உண்டு. இயந்திரக் குரல்தான், ஆனால் வேகமாக ஓட்டிக் கேட்கிறவர்கள் இன்றும் அதையே விரும்புகிறார்கள்.

அப்போது தமிழ் எங்கே இருந்தது? பாமினி மாதிரி எழுத்துருக்களில். அவற்றில் தமிழ் எழுத்து என்று ஒன்று கோப்பில் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தார்கள். திரையில் "தமிழ்" என்று தெரிந்த இடத்தில் கோப்பில் இருந்தவை ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசித்தது. 1999 பிப்ரவரியில் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் முடிவாயின. எழுத்துரு ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடந்த காலத்தில் அது பெரிய வேலை, மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குறியீடுகளும் எழுத்தின் வரைவடிவங்களுக்குத்தான் எண் கொடுத்தன. அதே ஆண்டு மே மாதம், வலைப்பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிற டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையின் முதல் பதிப்பு வந்தது. இரண்டு முயற்சிகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

துணைக்கால் ரகரம் பாமினி காலத்தின் மிச்சம். அச்சில் ர், ரி, ரீ மூன்றுக்கும் கீழ்க்கோடு போடாமல் விடுவது பழைய வழக்கம். மேலே புள்ளியோ இகர ஈகாரக் குறியோ இருப்பதால் குழப்பம் வராது. தட்டச்சு செய்தவர்கள் அந்த அழகுக்காக ரகர விசையை விட்டுவிட்டுத் துணைக்கால் விசையைத் தட்டினார்கள். தாளில் ஒரு தப்பும் இல்லை. பிறகு யூனிகோடுக்கு மாற்றியபோது, எழுத்துக்கு எழுத்து மாற்றும் எளிய மாற்றிகள் துணைக்காலைத் துணைக்காலாகவே கொண்டுவந்தன. முன்பின் பார்த்து ரகரமாக்கும் விதி அவற்றில் இல்லை. அந்தக் கோப்புகள்தான் இன்றும் அரசு அறிவிப்புகளிலும் செய்திகளிலும் மின்னூல்களிலும் சுற்றுகின்றன.

இதைத் திருத்துவது சுலபம். தமிழில் துணைக்காலை அடுத்துப் புள்ளியோ, இகர ஈகாரக் குறியோ வரவே வராது. ஆகவே வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ "ா்" என்பதை "ர்" என்றும், "ாி" என்பதை "ரி" என்றும், "ாீ" என்பதை "ரீ" என்றும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். தேடல் பெட்டியில் தனித்த குறிகள் புள்ளிவட்டத்தோடு தெரியும், பயப்பட வேண்டாம்.

ஔகாரத்தில் அப்படிச் செய்யவே கூடாது. "மௌனம்" என்பதை மகரம், ஒற்றைக் கொம்பு, ளகரம் என்று தட்டினால் "மெளனம்". பார்வைக்கு ஒன்றுதான், வாசித்தால் "மெ-ள-னம்". ஆனால் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் நல்ல சொற்கள் ஏராளம்: தெளிவு, வெள்ளி, கெளுத்தி. மொத்தமாக மாற்றினால் வௌ்ளி என்று ஆகிவிடும். எனவே சொல் சொல்லாக: மெளன, பெளர்ணமி, கெளரவ, செளகரிய, கெளதம். தொடக்கத்தில் வரும்போது "ஒளவை" என்பதைத் தேடி "ஔவை" ஆக்குங்கள். "ஒளி"யைத் தொடாதீர்கள்.

கேட்பவர் தன் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. என்விடிஏவின் விருப்பங்களில் பேச்சு அகராதி இருக்கிறது. அதில் "ா்" வந்தால் "ர்" என்று படி என ஒரு பதிவு போட்டால் குரல் சரியாகும். ஆனால் சுமை மறுபடி பார்வையற்றவர் தலையில். தேடலும் சரியாகாது. "அவர்கள்" என்று தேடினால் "அவா்கள்" அகப்படாது. பிரெயிலில் இன்னும் மோசம். 1951 முதல் நாம் பயன்படுத்தும் பாரதி பிரெயிலில் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். மெய்க்கு முன் 4ஆம் புள்ளி வைத்தால் அது ஒற்று. இந்த அநாதைப் புள்ளி அப்படியே பிரெயிலுக்குப் போனால், அடுத்து நிற்கும் ககரத்தோடு ஒட்டி அதை "க்" ஆக்கிவிடும். விரலால் படிப்பவருக்கு "அவாக்ள்" என்று ஒரு சொல் கிடைக்கும்.

பதிப்பாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்ற உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. பார்வையற்றோர் படிக்கும் வடிவங்களுக்குப் பதிப்புரிமையில் விலக்கு தரும் மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்பிசைவு செய்த நாடும் இந்தியாதான், 2014-இல். 2016 முதல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது. சட்டம் தடை இல்லை. தடை எது தெரியுமா? நூல் கணினியில் தட்டச்சாகிறது, அச்சாகிறது. பிறகு ஒரு தன்னார்வலர் அச்சுப் பிரதியை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் எழுத்துணரி வழியாக மறுபடி எழுத்தாக்கி, ண-ன, எ-ஏ, கொம்பு-இரட்டைக்கொம்பு மயக்கங்களை வரி வரியாகத் திருத்துகிறார். ஏற்கெனவே இருந்த கோப்பை மீண்டும் உருவாக்க ஒரு மனிதரின் வாரங்கள் போகின்றன. அந்த மூலக் கோப்பைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் மித்ரஜோதி போன்ற அமைப்புகள் இங்கேயே பேசும் நூல்களைத் தயாரிக்கின்றன, பிரெயிலுக்கும் மாற்றுகின்றன. யாரிடம் கொடுப்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

பி.டி.எஃப். கொடுத்துவிட்டோமே என்பார்கள். அதில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பை வந்தால் பழைய எழுத்துரு. தமிழ் வந்து, ஆனால் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியே நின்றால், பி.டி.எஃப். வரைந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறது, எழுத்தின் வரிசையை அல்ல. இரண்டுமே கேட்க உதவாது. லிப்ரே ஆபீஸில் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியைக் கொடுத்து ஈபப் மின்னூலாக ஏற்றுமதி செய்வது இதைவிடப் பல மடங்கு நல்லது. எழுத்தை வெறுமனே தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகாது, தாவிப் போக முடியாது.

பேச்சுப்பொறிக்கும் தன் பங்கு சிக்கல் உண்டு. கடல், அகம், தங்கம் மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலி. தமிழ்ச் சொற்களில் இடம் பார்த்து விதி சொல்லிவிடலாம். "பஸ்" என்பதும் "பயம்" என்பதும் விதிக்குள் அடங்காது, விதிவிலக்கு அகராதி வேண்டும். இந்த ஊர் டாடா இன்ஸ்டிட்யூட்டில், அதாவது இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு தமிழுக்கு எழுத்துணரியும் பேச்சுப்பொறியும் உருவாக்க உழைத்தது பெங்களூர்த் தமிழர் பலருக்கே தெரியாது. இந்த உழைப்பெல்லாம் கோப்பில் எழுத்து சரியாக இருந்தால்தான் பயன் தரும்.

உங்கள் கடைசிப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் முதலில் அமைப்புகளுக்குள் போய்த் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் சோதனையே தப்பாகும். ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கின் குறுக்குவழியை அங்கேயே இயக்கிவிட்டு, ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்துங்கள். இனி ஒரு தட்டு தேர்வு, இரு தட்டு திறப்பு, திரையை நகர்த்த இரண்டு விரல். அழைப்பிதழில் வரிசையாகப் போட்ட ரோஜாப் பூக்கள் ஒவ்வொன்றையும் அது பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், படத்துக்குள் இருக்கும் மண்டப முகவரியைத் தாண்டிப் போய்விடுவதையும் கேட்பீர்கள். முகநூலில் படம் ஏற்றும்போது மாற்று உரை எழுத இடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படத்தின் கீழேயே தேதி, நேரம், இடத்தைத் தட்டிவிடுங்கள். கேட்டு முடித்ததும் அதே இரண்டு பொத்தான்களை மறுபடி அழுத்தினால் டாக்பேக் நின்றுவிடும்.