பிளஸ் 1 பாடத்தை யார் நடத்துவது?

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு தாய், சென்ற வாரம் தன் மகளின் கணித நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகள் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் 1 படிக்கிறாள். "இவளுக்கு டியூஷன் வைக்கணுமான்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்று நோட்டை நீட்டினார். முதல் பக்கத்தில் இருந்த தலைப்பு, ‘அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்’. அது பிளஸ் 2 கணிதப் புத்தகத்தின் முதல் பாடம். பக்கங்களைப் புரட்டினால் கலப்பு எண்கள், அதற்குப் பின் சமன்பாட்டியல். பிளஸ் 1 புத்தகத்தில் உள்ள கணங்களோ முக்கோணவியலோ எல்லைகளோ அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. பள்ளியில் கேட்டீர்களா என்றேன். "கேட்டேன் சார். அதான் பொதுத்தேர்வை எடுத்துட்டாங்களே, இப்பவே பிளஸ் 2 பாடத்தை ஆரம்பிச்சாத்தான் நல்ல மார்க் வரும்னு சொன்னாங்க" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பதிலைக் கேட்டு அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிளஸ் 1 பொதுத்தேர்வு ஏன் வந்தது, ஏன் போனது, அது போன பிறகு பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் 2017-18 கல்வியாண்டுக்கு முன்பு 10, 12 ஆகிய இரண்டு வகுப்புகளுக்கு மட்டுமே மாநில அளவிலான பொதுத்தேர்வு இருந்தது. இடைப்பட்ட பிளஸ் 1-க்குப் பள்ளியே தேர்வு வைத்துக்கொள்ளும். அந்த வசதியைப் பயன்படுத்தி, பல பள்ளிகள் பிளஸ் 1 புத்தகத்தைப் பெயருக்குக் கொடுத்துவிட்டு, பிளஸ் 2 பாடத்தையே இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுத வைத்தன. என் அக்கா மகன் அப்படியொரு விடுதிப் பள்ளியில் படித்தவன். பிளஸ் 2 கணிதத்தில் 200-க்கு 196 எடுத்தான், குடும்பமே கொண்டாடியது. பொறியியல் கல்லூரியில் முதல் பருவக் கணிதத் தாளில் அவன் தேர்ச்சி பெறவில்லை. விடுமுறையில் என்னிடம் வந்து அமர்ந்தபோது, ஒரு சார்பின் எல்லை என்றால் என்ன என்று கேட்டேன். பயிற்சிக் கணக்குகளின் படிகள் அனைத்தையும் எழுதிக் காட்டக்கூடிய அந்தப் பிள்ளைக்கு, அந்தப் படிகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்று தெரியவில்லை. அவனுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. நான்கு மாதம் உட்கார்ந்து, அவன் திறந்தே பாராத பிளஸ் 1 புத்தகத்தை முதலிலிருந்து படித்தோம். தன்னை மக்கு என்று அவன் சொல்லிக்கொண்ட அந்த மாலைகளை என்னால் மறக்க இயலாது.

ஆகவே, 2018 மார்ச்சில் முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு நடந்தபோது அதை மனதார ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு ஆண்டுகளுக்கும் தலா 600 மதிப்பெண் என்றும், இரண்டும் உயர்கல்விக்குக் கணக்கில் வரும் என்றும்தான் முதலில் திட்டமிட்டார்கள். ஆனால், பிள்ளைகளின் சுமையைக் காரணம் காட்டி, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் 2 மதிப்பெண் மட்டுமே போதும் என்று 2018-லேயே அரசு முடிவை மாற்றிக்கொண்டது. அதன்பின் அந்தத் தேர்வின் பயன் குறைந்து, அதன் அழுத்தம் மட்டும் அப்படியே நின்றது. (கொரோனாவால் 2021-இல் பிளஸ் 2 தேர்வு ரத்தானபோது, 10-ஆம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடும், பிளஸ் 1-இலிருந்து 20 விழுக்காடும், பிளஸ் 2 செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் வழங்கினார்கள். அந்த ஓராண்டு மட்டும் பிளஸ் 1 மதிப்பெண் கைகொடுத்தது.)

15, 16, 17 வயதில் அடுத்தடுத்து மூன்று மார்ச் மாதங்களில் மூன்று பொதுத்தேர்வு என்பது எவ்வளவு பெரிய சுமை என்பதை வகுப்பறையில் இருந்து பார்த்தவன் நான். பிளஸ் 1-இல் இரண்டு பாடங்களில் தவறிய மாணவன், அந்த நிலுவைப் பாடங்களையும் சுமந்துகொண்டு பிளஸ் 2 வகுப்பில் உட்கார்ந்திருப்பான். துணைத்தேர்விலும் தவறினால் மெல்ல மெல்ல வகுப்புக்கு வருவதே குறையும். அவ்வாறு நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாக மேல்நிலைக்கு வந்த பிள்ளைகள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, 2025-26 முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு இல்லை என்று அறிவித்ததை அதனால்தான் நான் வரவேற்றேன். இன்றும் வரவேற்கிறேன்.

ஆனால் அந்தத் தேர்வு ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிளஸ் 1 பாடத்தை நடத்தாமல் தாண்டிச் செல்லப் பள்ளிகளுக்கு வழியில்லாமல் செய்தது. தேர்வை எடுத்த கையோடு அந்தக் காவலையும் எடுத்துவிட்டோம். இப்போது அந்த இடத்தில் யார் நிற்பது? கல்வித்துறையின் ஆய்வு அலுவலர்கள் நிற்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் வரும் நாளில் மேசைமீது எந்த நோட்டு இருக்கும் என்பதைப் பள்ளிகள் அறியும். தன் பிள்ளையின் நோட்டை நாள்தோறும் பார்க்கக்கூடியவர் வீட்டில் இருப்பவர்தான். அரசுப் பள்ளிகளுக்கும் இதைச் சொல்வேன். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில், இருக்கும் ஒரே இயற்பியல் ஆசிரியரைத் தேர்ச்சி விழுக்காட்டுக்காகப் பிளஸ் 2-க்கே முழுமையாக ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் அதைக் கேட்க வேண்டும்.

நல்ல மார்க் வரும் என்று அந்தத் தாயிடம் சொன்னார்களே, அந்த மார்க் என்னவென்றும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பிளஸ் 2-இல் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் குறைந்தது 15, மொத்தத்தில் 35 வேண்டும். பொறியியல் தரவரிசைக்கு 600 முழுவதும் கணக்கில் வராது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு மொழிப்பாடங்களை விட்டு நான்கு பாடங்களின் 400-ஐப் பார்ப்பார்கள். நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளோ இரண்டு ஆண்டுப் பாடங்களையும் சேர்த்தே கேட்பவை. கணிதத்தில் முக்கோணவியலும் எல்லைகளும் தெரியாத பிள்ளைக்கு, பிளஸ் 2 நுண்கணிதத்தை எத்தனை முறை எழுத வைத்தாலும் அது மனப்பாடமாகத்தான் நிற்கும்.

பெற்றோர் கணிதம் அறிந்திருக்க வேண்டியதில்லை. நோட்டில் உள்ள பாடத் தலைப்பு பிளஸ் 1 புத்தகத்தின் பொருளடக்கத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வின் வினாத்தாளை வாங்கி வைத்து, அதையும் அப்படியே ஒப்பிடுங்கள். அறிவியல் பிரிவு என்றால் பிளஸ் 1 செய்முறைப் பதிவேட்டைக் கேளுங்கள். ஆய்வகத்துக்கே அழைத்துச் செல்லாத பள்ளி அதில் தெரிந்துவிடும். பள்ளியில் உரிய பதில் வராவிட்டால் கல்வித்துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. கேள்வி கேட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்று அந்தத் தாய் அஞ்சினார். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தனியாகப் போகாமல், அதே வகுப்பில் பிள்ளை படிக்கும் நான்கைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்றேன்.

வரும் சனிக்கிழமை அவர்களுடன் நானும் பள்ளிக்குச் செல்கிறேன். பிளஸ் 1 பாடங்களை எந்த மாதத்துக்குள் எந்த ஆசிரியர் முடிப்பார் என்று எழுத்தில் கேட்கப் போகிறோம். இதற்கிடையில் அந்தப் பெண் மாலை வேளைகளில் என் வீட்டுக்கு வருகிறாள். முக்கோணவியலில் தொடங்கியிருக்கிறோம், நேற்று பாகையை ரேடியனாக மாற்றுவது வரை முடித்தாள்.